முனிக்குக் கல்லீரல் இல்லை

டாக்டர் சயாமா சொன்னதையெல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. யாரையும் மறுத்துப் பேச மாட்டார். நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் இஷ்டப்படி செய்வார்.

“ஊ செல்லக்கண்ணு, உங்கள் கல்லீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. இனி ஒரு போத்தல் உள்ளே போனால் நீங்கள் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டீர்கள்” என்று அந்தப் பெண், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘ஊ’ போட்டு, பர்மியில் சொன்னார். எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஊற்றிக் கொடுப்பவள் நான்தான் என்று தெரிந்த மாதிரி. எனக்குச் சுருக்கென்றது.

அது பாதிதான் உண்மை. அன்றாடம் அவர் குடித்தது துறைமுகத்துக் கடைகளில். நான் வடிப்பது வருஷத்துக்கு ஒரே தடவை, மாசி மாதம் முனீஸ்வரன் படையலுக்கு. ஆனால் அந்த ஒரு தடவைக்காகவே போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிற நம் ஆட்கள் வருஷம் முழுக்க நாக்கில் எச்சில் ஊறக் காத்திருப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதிலென்ன.

பனைவெல்லத்து ஊறலை எல்லோரும்தான் காய்ச்சுகிறார்கள். தேக்சாவுக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து, மேலே குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியை மூடி, முதலில் சொட்டுவதைக் கீழே கொட்டிவிட்டால் போதும், யாருக்கும் சாராயம் வந்துவிடும். ஆனால் அதில் வெல்லம் புளித்த வாடை அப்படியே நிற்கும். நான் ஷான் மலைத் தேயிலையை வெறும் சட்டியில் புகை வாசம் வரும்வரை வறுத்து, மல் துணியில் முடிந்து, காலையில் சாராயத்தில் தொங்கவிடுவேன். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். மறந்தால் துவர்ப்பு ஏறி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சரியாக எடுத்தால் வாடை அடங்கி, ஒரு மணம் வரும் பாருங்கள், குடிக்காத எனக்கே ஒரு மாதிரி இருக்கும். நிறமும் அசல் தேத்தண்ணி நிறம். வழியில் போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்தாலும் தேத்தண்ணி என்று சொல்லிவிடலாம். இந்த ரங்கூனில் தேத்தண்ணி இல்லாத பை ஏது?

முனி இறங்குவது என் வீட்டுக்காரர் மேல்தான். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு அரசமரம் இருக்கிறது. அதன் கிளையில் பர்மியர்களின் நாட் தேவதைக்கு மரக்கூண்டு தொங்கும், அடியில் எங்கள் முனிக்குச் சூலம் நட்டிருக்கும். இரண்டு பேருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. முனி வந்ததும் முழுப் போத்தலை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கும். அப்புறம்தான் ஆட்டம், அப்புறம்தான் வாக்கு. மிச்சப் போத்தல்கள் ஊருக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மனுஷர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது, ஆனாலும் தொடவில்லை. எனக்கு அவரை நினைத்தால் பெருமையாகத்தான் இருந்தது. மாசி நெருங்கியபோதுதான் மெல்லக் கேட்டேன்.

“படையலுக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“என்ன பண்றது, வழக்கம்தான்.”

“சயாமா சொன்னது காதுல விழலியா?”

“விழுந்துச்சே. நான்தானே குடிக்கக்கூடாதுன்னாங்க. நான் குடிக்கலியே பாமா. அன்னிக்குக் குடிக்கிறது முனி. முனிக்கு ஏது கல்லீரல்?”

சிரிப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். இருபது வருஷமாகப் படையல் நாளில் முழுப் போத்தல் குடித்தும் அவருக்குப் போதை ஏறியதில்லை, மறுநாள் தலைவலி வந்ததில்லை. அது தன் வயிற்றுக்குள் போகவில்லை என்பதற்கு அவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

“வேற யாரையாச்சும் ஆடச் சொல்லுங்க.”

“முனி இறங்கணுமே. நான் சொன்னா இறங்குமா?”

“அப்போ நாக்குல மட்டும் வச்சுட்டு, முனிக்குப் போதும்னு சொல்லிருங்க.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். “முனி பேர்ல நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லே. உயிருக்குப் பயந்து இனிமேலா சொல்லப்போறேன்?” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அன்றைக்கு முழுக்க அடுப்பங்கரையில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். முனியோடும்தான். உனக்கென்னப்பா, இவர் போனால் இன்னொருத்தன் மேல் இறங்கிக்கொள்வாய். எனக்கு இவரை விட்டால் யார்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குப் பிள்ளையும் அவர்தான், மாமியாரும் அவர்தான், சண்டை போட ஆளும் அவர்தான். உன்னை ஏமாற்றத்தான் போகிறேன், தப்பென்றால் என் கண்ணைக் குத்திக்கொள், அவரை விட்டுவிடு. இப்படிச் சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

போத்தலில் சாராயத்துக்குப் பதில் தேத்தண்ணி. இருபது வருஷமாக இரண்டுக்கும் ஒரே நிறம் வைத்திருக்கிறேன், அதுகூட உதவாவிட்டால் எப்படி?

நேராகப் பர்கத்துல்லா பாய் கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனையில் தேயிலைக் கடை வைத்திருக்கிறவர். படையலுக்கு எப்போதும் அவரிடம்தான் இலை வாங்குவேன். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “தலைக்குத் தேய்க்கவா தங்கச்சி?” என்று பதிலையும் அவரே கொடுப்பார். “ஆமா பாய்” என்பேன். தலைக்குத் தேய்ப்பதற்கு அத்தனை இலை வாங்குகிற பெண்ணுக்கு முடி முழங்கால்வரை வளர்ந்திருக்க வேண்டும்.

“பாய், எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும். குடிச்சா தொண்டை எரியணும், கண்ணுல தண்ணி வரணும். ஆனா வெறும் தேத்தண்ணியாத்தான் இருக்கணும்.”

பாய் தராசைக் கீழே வைத்தார். “எதுக்கு?” என்றார். முதல் தடவையாகக் கேட்டார்.

“அவர் உயிரோட இருக்கிறதுக்கு.”

பாய் எழுந்தார். பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். கறுப்புத் தேயிலையைக் கொதிக்கவிட்டு, சித்தரத்தை, சுக்கு, மிளகு, கிராம்பு எல்லாம் தட்டிப் போட்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்து, “இது போதாது” என்று இன்னும் சித்தரத்தை போட்டார். அடுத்த வாயில் இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்போ சரி” என்றார். அதே அளவில் எல்லாச் சரக்கையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தபோது காசு வாங்கவில்லை.

“இத்தனை வருஷம் தலைக்குத் தேய்க்கக் குடுத்தேன். இதை மட்டும் வாய்க்குன்னு சொல்லியே குடுக்கறேன் தங்கச்சி. அல்லா காப்பாத்துவான்.”

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் எங்கள் முனியை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. படையல் சாராயத்தை முதலில் நெருப்பில் காட்ட வேண்டும். பூசாரி பொன்னுத்துரை எரிகிற சூடத்தின் மேல் போத்தலைச் சாய்ப்பார். எரிந்தால் அசல். எண்பத்தெட்டுக் கலவரத்துக்கு முன்னால் ராத்திரியில் படையல் நடக்கும், நீலமாக எரிவது நன்றாகத் தெரியும். அப்புறம் ஊரடங்கு வந்து படையலைப் பட்டப்பகலுக்கு மாற்றினோம். ஊரடங்கு போன பிறகும் பகலே நிலைத்துவிட்டது. வெயிலில் அந்தச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது என்பதால் பொன்னுத்துரை மேலே ஒரு வெற்றிலையைப் பிடிப்பார். வெற்றிலை சுருங்கிக் கருக வேண்டும். ஒரு வருஷம் நேர்த்திக்கடனுக்குச் சபாபதி வீட்டார் கொண்டுவந்து வைத்த போத்தலில் வெற்றிலை பச்சையாகவே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தார்கள். முனி அந்தப் போத்தலைச் சூலத்தில் அடித்து உடைத்தது. சபாபதி அந்த அவமானத்தில் மிங்கலாடோன் பக்கம் குடிபோய்விட்டார். உடைத்த கை என் வீட்டுக்காரருடையது. மறுநாள் கேட்டபோது, “அப்படியா நடந்துச்சு?” என்றார். சாமியாடிக்கு எதுவும் நினைவிருக்காது. அதுதான் முறை.

தேத்தண்ணி எரியாது. சூடத்தையே அணைத்துவிடும்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி என் கைக்குள்ளேயே இருந்தது. சாராயமும் தேயிலையுமாகப் புழங்குகிற எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. இனிப்பு போட்ட தேத்தண்ணி கனம், சாராயம் லேசு. மெல்ல ஊற்றினால் சாராயம் மேலேயே நிற்கும், கலக்கினால்தான் கலக்கும்.

காப்புக் கட்டிய பிறகு சாமியாடி வீட்டுக்கு வரக்கூடாது, மரத்தடியில்தான் படுக்கை. அதனால் எனக்கு வசதியாகப் போயிற்று. ஊருக்கான போத்தல்களை வழக்கம்போல் நிரப்பினேன். முனியின் போத்தலில் பாய் சொன்னபடி கொதிக்க வைத்த தேத்தண்ணியை, பனைவெல்லம் அள்ளிப் போட்டுக் கெட்டியாக்கி, கழுத்துக்குக் கீழ்வரை ஊற்றி ஆறவிட்டேன். மேலே கழுத்தளவுக்கு மட்டும் இருப்பதிலேயே காரமான தேயிலைச் சாராயத்தை, கரண்டியின் முதுகில் வழியவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஒரே நிறம். எங்கே அது முடிந்து எங்கே இது தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. பூசாரி சூடத்தில் காட்டி, நாலு திசைக்கும் தெளித்து முடித்தால் கழுத்திலிருப்பது காலியாகிவிடும். அவர் தாராளக் கைக்காரராக இருக்க வேண்டுமே என்று அந்த முனியையே வேண்டிக்கொண்டேன். வேறு யாரிடம் போவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று சக்கரச் சைக்காவில் ஏறி உட்கார்ந்தேன். மற்றப் போத்தல்களைக் காலடியில் கூடையில் வைத்துவிட்டு, முனியின் போத்தலைத் துணி சுற்றி மடியில் நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்ட்ராண்ட் ரோட்டுப் பள்ளங்கள் எல்லாம் அன்றைக்கென்று எனக்காகக் காத்திருந்தன.

“டோ பாமா, மடியில் என்ன, குழந்தையா?” என்று சைக்காக்காரர் பர்மியில் கேட்டார்.

“ஆமாம். மெல்லப் போங்கள், முழித்துக்கொள்ளும்” என்றேன். துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

மரத்தடியில் பம்பை தொடங்கியிருந்தது. கருவாடு, முட்டை, சுருட்டு, கோழிக்கறி எல்லாம் இலையில் இருந்தன. என் வீட்டுக்காரர் சூலத்துக்கு முன்னால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். விலா எலும்பு தெரிந்தது. அந்தக் கோடை வெயிலில் அவர் முகம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

பொன்னுத்துரை என் கையிலிருந்து போத்தலை வாங்கினார். “என்ன மைனி, பச்சப்புள்ளையத் தர்ற மாதிரி தர்றீங்க” என்று சொல்லிக்கொண்டே ஆட்டிப் பார்க்கக் கையைத் தூக்கினார்.

“ஆட்டாதீங்க. முனிக்கு முன்னாடி நீங்க ஆடலாமா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கை நின்றது.

சூடத்தின் மேல் சாய்த்தார். வெற்றிலை முதலில் அப்படியே இருந்தது. அப்புறம் ஓரம் சுருங்கி, மடங்கி, கருகியது. “அசல்” என்றார் பொன்னுத்துரை. நாலு திசைக்கும் தெளித்தார். நல்ல தாராளக் கைதான், அவர் வம்சம் நன்றாக இருக்கட்டும்.

பம்பைச் சத்தம் ஏறியது. என் வீட்டுக்காரர் உடம்பு உதறியது. எழுந்தார். போத்தலைப் பறித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

இருபது வருஷத்தில் முனி பாதியில் நிறுத்தியதே இல்லை. பம்பைக்காரர்கூட அடியைத் தவறவிட்டார். ஊருக்கான கூடை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போத்தலை உடைத்துவிட்டு அதிலொன்றை எடுத்தால் யாராலும் தடுக்க முடியாது. அவர் என்னைத் தேடினார். கூட்டத்தில் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடித்துப் பார்த்தார். நான் கும்பிடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தால் அழுகிறேன் என்று தெரிந்துவிடுமே என்று துடைக்கவும் இல்லை.

அவர் மறுபடி அண்ணாந்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். போத்தலைச் சூலத்தடியில் பதவிசாக வைத்தார். அப்புறம் ஆடினார் பாருங்கள், அந்த நோஞ்சான் உடம்பில் அத்தனை ஆட்டம் எங்கே இருந்ததோ.

ஆடி ஓய்ந்ததும் பொன்னுத்துரை முறைப்படி கேட்டார். “அப்பனே, படையல் மனசுக்கு ஏத்துச்சா?”

“ஏத்துச்சு.”

“வார வருஷத்துக்கு என்ன வேணும்?”

வழக்கமாகக் கறுப்புச் சேவல் கேட்கும், புது வேட்டி கேட்கும். இந்தத் தடவை அது எதையும் கேட்கவில்லை.

“இதே வேணும். இவ கையால வேணும். என் போத்தல் எனக்குத் தனி, ஊருக்கு வேற. நான் கேக்கறவரைக்கும் வருஷா வருஷம் இவ குடுக்கணும்.”

ஊர் ஒரே பூரிப்பு. முனியே பாமா அக்கா சாராயத்துக்கு மயங்கிவிட்டது என்று பேசிக்கொண்டு கூடையைக் காலி பண்ணினார்கள். நான் அரசமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். முனி என்னைப் பொறுத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். தெய்வத்துக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கும் போல என்று சூலத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் காப்பைக் கழற்றிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். குளித்து, கைலி மாற்றிக்கொண்டு, வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல் கேட்டேன்.

“நேத்து முனி என்ன சொல்லுச்சுன்னு தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்? என்ன சொல்லுச்சு?”

“நல்ல வாக்குதான்.”

“நல்லது” என்றார்.

வெல்லம் போட்ட தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். நான் உள்ளே திரும்பினேன்.

“பாமா, இதுலயும் அந்தச் சித்தரத்தை கொஞ்சம் தட்டிப் போடக்கூடாதா? தொண்டைக்கு இதமா இருந்துச்சு.”

நான் அப்படியே நின்றேன். சித்தரத்தை எங்கள் வீட்டுக்குள் வந்ததே அந்த வாரம்தான். பாயையும் என்னையும் தவிர அது யாருக்கும் தெரியாது. அந்தப் போத்தலில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. சாமியாடிக்கு எதுவும் நினைவிருக்காது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. முனி பேரில் ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்றவர், உயிருக்குப் பயப்படாதவர், ஊரே கூடி நின்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்திருக்கிறார். இத்தனை வருஷம் நான் பரிமாறியதில் அவர் எனக்காகக் கேட்டு வாங்கிக் குடித்தது அந்த ஒரு போத்தல்தான்.

“இருங்க, போட்டுத் தர்றேன்” என்றேன்.

அம்மியில் சித்தரத்தையை வைத்துத் தட்டினேன். ஒரு துண்டுக்குத் தட்ட வேண்டியதைவிட ரொம்ப நேரம் தட்டினேன். “மெல்லத் தட்டு, கையில பட்டுறப் போகுது” என்று அவர் வாசலிலிருந்து சொன்னார்.